இங்கிலாந்தில் தொடர் மருந்துகளைத் தடையின்றிப் பெறுவதும் மருந்தாளுநரிடம் ஆலோசனை கேட்பதும்: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் வசித்துக்கொண்டு, நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், தைராய்டு, ஆஸ்துமா போன்றவற்றுக்காக மாதக்கணக்கில் ஒரே மருந்தை எடுத்து வருபவர்களுக்காகவும், அவர்களுக்காக ஜி.பி. எனப்படும் குடும்ப வைத்தியர் நிலையத்துக்கும் பார்மசிக்கும் இடையே அலையும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் மருந்துச்சீட்டுக்குக் கட்டணம் கிடையாது. பிற நடைமுறைகளும் ஓரளவு மாறும் என்பதால் அங்கிருப்பவர்கள் 4ஆம் பகுதியைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைத் தங்கள் ஜி.பி. நிலையத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் மருந்து தீரும் நாளில்தான் இந்த ஏற்பாடுகளைத் தொடங்குகிறார்கள். 10ஆம் பகுதியில் உள்ள அவசர வழியைத் தவிர, அன்று செய்யக்கூடிய வேலை இதில் எதுவுமே இல்லை.

1. முதலில், எது யாருடைய வேலை

எந்த மருந்து, எந்த அளவு, எத்தனை நாளைக்கு என்பதைத் தீர்மானித்துச் சீட்டில் கையெழுத்திடுவது ஜி.பி. நிலையம். அந்தச் சீட்டின்படி மருந்தை எடுத்துச் சரிபார்த்துக் கொடுப்பது பார்மசி. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். ஒரே கட்டடத்தில் இருந்தாலும் அப்படித்தான். சீட்டு இன்னும் வராத நிலையில் பார்மசி ஊழியரிடம் வாதாடுவதாலும், சீட்டு போய்விட்ட பிறகு ஜி.பி. நிலையத்தை மீண்டும் மீண்டும் தொலைபேசியில் அழைப்பதாலும் ஒரு பயனும் விளையாது. தாமதம் ஏற்பட்டால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "சீட்டு அனுமதிக்கப்பட்டுவிட்டதா, எந்தப் பார்மசிக்குப் போனது?" இதற்குரிய பதில் ஜி.பி. நிலையத்திடமும், அரசின் சுகாதார சேவையான என்.எச்.எஸ்.இன் கைத்தொலைபேசிச் செயலியிலும் இருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வைத்தியர் ஒரு மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டதாலேயே அது தொடர் மருந்தாகிவிடாது. புதிதாகத் தொடங்கிய மருந்தை முதலில் ஒருமுறைக்கு மட்டுமே எழுதி, அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே தொடர் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பெரும்பாலும் பட்டியலில் சேர்வதில்லை. ஆகவே புதிய மருந்தின் முதல் பெட்டி பாதி காலியாகும்போதே, அது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்போதே ஜி.பி. நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஜி.பி. நிலையத்தில் பதிவு, பத்து இலக்க என்.எச்.எஸ். எண், நோயாளியின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல், ஒரு கைத்தொலைபேசி எண், கடவுச்சீட்டு அல்லது ஓட்டுநர் உரிமம். செயலியில் அடையாளத்தை உறுதிசெய்யக் கடவுச்சீட்டின் படமும் முகத்தின் படப்பதிவும் கேட்பார்கள். படமுள்ள அடையாள ஆவணம் இல்லாதவர்கள் ஜி.பி. நிலையத்தில் கேட்டால், இணையப் பதிவுக்கான இணைப்பு விவரங்களை அவர்களே தருவார்கள்.

இவற்றைவிட முக்கியமானது ஒரு பட்டியல். மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த வேளை, எதற்காக, பெட்டியில் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். தொலைபேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை ஏற்படுத்திய மருந்தின் பெயர் அந்தத் தாளின் தலைப்பிலேயே இருக்கட்டும்.

நம் பெரியவர்கள் மருந்தை நிறத்தால் நினைவில் வைப்பவர்கள். "காலையில் வெள்ளைக் குளிசை, இரவில் மஞ்சள்" என்பார்கள். என்.எச்.எஸ். பெரும்பாலும் வணிகப் பெயரில்லாத பொதுமருந்துகளையே வழங்குகிறது. ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு நிறுவனத்தின் தயாரிப்பு வரலாம் என்பதால் நிறமும் வடிவமும் பெட்டியும் மாறிக்கொண்டே இருக்கும். புதிய நிறத்தைப் புதிய மருந்து என்று எண்ணிப் பழையதோடு சேர்த்து விழுங்கியவர்களும் உண்டு, இது தன்னுடையதல்ல என்று ஒதுக்கி வைத்தவர்களும் உண்டு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்துப் பழக்குவது ஒன்றே இதற்கு வழி. வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், லித்தியம், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ் போன்றவை மட்டும் எப்போதும் ஒரே நிறுவனத்தினுடையதாகத் தொடர வேண்டும். அவற்றின் பெட்டி மாறியிருந்தால் பார்மசியை விட்டு வெளியேறும் முன் கேளுங்கள்.

3. பார்மசியைத் தெரிவுசெய்து பதிதல்

இப்போது சீட்டுகள் பெரும்பாலும் மின்வழியில் செல்கின்றன. எந்தப் பார்மசியை உங்களுடையதாகப் பதிந்திருக்கிறீர்களோ அங்கே சீட்டு தானாகப் போய்ச் சேரும். ஜி.பி. நிலையத்திலோ, பார்மசியிலோ, செயலியிலோ இதைப் பதியலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதியாமல் இருந்தால், செயலியில் வரும் பட்டைக்குறியையோ ஜி.பி. நிலையம் அச்சிட்டுத் தரும் தாளையோ எந்தப் பார்மசியிலும் காட்டி மருந்து வாங்கலாம்.

தெரிவு செய்யும்போது வீட்டுக்கு அருகில் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். சனிக்கிழமை திறந்திருக்கிறதா, வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார்களா, தருவதற்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். லண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் தமிழ் பேசும் ஊழியர்கள் உள்ள பார்மசிகளும் உண்டு. பெற்றோர் தாமாகப் போய்ப் பேச வேண்டுமென்றால் ஒரு பேருந்துப் பயணம் கூடுதலானாலும் அது மதிப்புள்ளதே. எல்லா மருந்தையும் ஒரே பார்மசியில் வாங்குவது அதைவிட முக்கியம். ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுகிறதா என்று மருந்தாளுநர் தம்மிடம் உள்ள பதிவை வைத்தே முதலில் பார்க்கிறார்; இரண்டு இடங்களில் வாங்கினால் இரண்டு பேரிடமும் பாதிப் பதிவுதான் இருக்கும்.

வழக்கமான தவறுகள் இரண்டு. இணையப் பார்மசி ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்துப் பதிந்துவிட்டு அதை மறந்துவிடுவார்கள். அடுத்த மாதச் சீட்டு அங்கே போய்விடும், இவர்கள் தெருமுனைப் பார்மசியில் காத்துநிற்பார்கள். மற்றது, சீட்டு போன பிறகு பார்மசியை மாற்றுவது. மாற்றம் இனி வரும் சீட்டுகளுக்கே செல்லும். ஏற்கெனவே பழைய பார்மசி பதிவிறக்கிய சீட்டை அவர்கள் மீண்டும் பொது அமைப்புக்குத் திருப்பி விட்டால்தான் புதிய பார்மசியால் எடுக்க முடியும். அதை அவர்களிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

4. கட்டணம்: கொடுக்கத் தேவையில்லாதவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்

இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கான கட்டணம் 2024 மே மாதத்தில் 9.90 பவுண்டு ஆனது. 2025இலும் அதுவே நீடித்தது. பெட்டிகளின் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் மருந்து ஒன்றுக்கு ஒரு கட்டணம். 60 வயதானவர்களுக்கும், 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும், முழுநேரம் படிக்கும் 16 முதல் 18 வயதினருக்கும் இலவசம். கர்ப்பிணிகளும் குழந்தை பெற்று ஓராண்டு ஆகாதவர்களும் அதற்குரிய விலக்குச் சான்றிதழ் பெற்றிருந்தால் கட்டத் தேவையில்லை.

அறுபதுக்குக் கீழே இருப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்ஸின் எடுப்பவர்கள், வலிப்புக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் மருத்துவ விலக்குச் சான்றிதழ் பெறலாம். எஃப்.பி.92ஏ என்ற படிவம் ஜி.பி. நிலையத்தில் கிடைக்கும், நீங்கள் நிரப்பினால் அவர்கள் கையெழுத்திட்டு அனுப்புவார்கள். சான்றிதழ் 5 ஆண்டுகள் செல்லும். அந்த நோய்க்கான மருந்துக்கு மட்டுமல்லாமல் எழுதப்படும் எல்லா மருந்துக்கும் பொருந்தும். நோய் இருப்பதாலேயே விலக்குக் கிடைத்துவிடாது. சான்றிதழ் கையில் இல்லாமல் "எனக்கு இலவசம்" என்று குறியிட்டால், கட்டணத்தோடு 100 பவுண்டு வரை அபராதம் வரும். உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் நீரிழிவைச் சமாளிப்பவர்களுக்கும், உயர் இரத்த அழுத்தம் மட்டும் உள்ளவர்களுக்கும் இந்தச் சான்றிதழ் கிடையாது.

அவர்களுக்கு முன்பணச் சான்றிதழ் உண்டு: 3 மாதத்துக்கு 32.05 பவுண்டு, 12 மாதத்துக்கு 114.50 பவுண்டு. ஆண்டுக்கு 12 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் வாங்கினால் ஆண்டுச் சான்றிதழ் லாபம். மாதம் இரண்டு மருந்து வாங்குபவர் தனித்தனியாகக் கட்டினால் ஆண்டுக்கு 237.60 பவுண்டு போகும். மொத்தமாகக் கட்ட இயலாதவர்கள் ஆண்டுச் சான்றிதழுக்கு 10 தவணைகளில் கட்டலாம். விலக்கு உண்டா என்று நிச்சயமில்லாத நாளில் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அந்த இடத்திலேயே எஃப்.பி.57 என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பின்னர் தரமாட்டார்கள். அது இல்லாமல் பணத்தைத் திரும்பப் பெறவும் முடியாது.

5. மருந்தைக் கேட்கும் நாள்

பெரும்பாலான ஜி.பி. நிலையங்கள் வேண்டுகோளைப் பார்த்து அனுமதிக்க இரண்டு வேலை நாட்கள் எடுக்கும். சில நிலையங்களில் கூடுதலாகும். அதன் பின் பார்மசி மருந்தைத் தருவித்துக் கட்டிவைக்க மேலும் சில நாட்கள் வேண்டும். வார இறுதியும் வங்கி விடுமுறையும் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே கடைசி மாத்திரைக்கு 7 நாட்கள் முன்பாகக் கேளுங்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலங்களில் இன்னும் முன்னதாகக் கேட்க வேண்டும். ஆனால் மூன்று வாரம் முன்பே கேட்டால், "இன்னும் நாள் ஆகவில்லை" என்று நிராகரித்துவிடுவார்கள்.

கேட்கும் வழிகளில் செயலியே சிறந்தது, ஏனென்றால் என்று கேட்டீர்கள், அனுமதி கிடைத்ததா என்பதற்கு ஒரு பதிவு இருக்கும். இயலாதவர்கள் மருந்துப் பையோடு வரும் வெள்ளைத் தாளில், வேண்டிய மருந்துக்கு எதிரே குறியிட்டு ஜி.பி. நிலையத்தின் பெட்டியில் போடலாம். அந்தத் தாளைக் குப்பையில் எறிவது வீடுதோறும் நடக்கும் தவறு. தொலைபேசியில் மருந்து கேட்பதைப் பல நிலையங்கள் ஏற்பதில்லை, பெயர் குழப்பத்தால் தவறான மருந்து போய்விடக்கூடும் என்பதே காரணம்.

பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் குறியிடாதீர்கள். தேவைப்படும்போது மட்டும் பயன்படுத்தும் நீலநிற இன்ஹேலர், தோல் களிம்பு, வலி மாத்திரை ஆகியவற்றை வீட்டு இருப்பைப் பார்த்த பிறகே கேட்க வேண்டும். இப்படிக் குவிந்த மருந்துகளால் அலமாரி நிறைவதோடு, "இவர் மாதம் ஒரு இன்ஹேலரை முடிக்கிறார்" என்ற தவறான படமும் வைத்தியருக்குக் கிடைக்கும். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லையென்று அவர் எண்ணுவார்.

ஒரு மருந்து 28 நாளைக்கும் இன்னொன்று 30 நாளைக்கும் வந்தால், சில மாதங்களில் தீரும் தேதிகள் சிதறிவிடும். வாரத்துக்கு ஒருமுறை பார்மசிக்குப் போக நேரும். ஒவ்வொன்றிலும் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு போய், எல்லாவற்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவரும்படி கேளுங்கள். ஜி.பி. நிலையம் ஒருமுறை மட்டும் குறைந்த எண்ணிக்கையில் எழுதி இதைச் சரிசெய்யும்.

நோய் நிலையாக இருப்பவர்கள், மருந்து அடிக்கடி மாறாதவர்கள், தொடர் வழங்கல் ஏற்பாட்டைக் கேட்கலாம். வைத்தியர் 12 மாதம் வரைக்குமான சீட்டுகளை ஒரே முறையில் அனுமதித்துவிடுவார். அவை உரிய இடைவெளியில் பார்மசிக்குப் போகும். மாதந்தோறும் ஜி.பி. நிலையத்தைக் கேட்கத் தேவையில்லை. இந்த வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. கேட்காதவரைக்கும் யாரும் சொல்வதும் அரிது.

பெற்றோருக்காகப் பிள்ளைகள் கேட்பதானால், பெற்றோரின் கடவுச்சொல்லை வாங்கி நுழைவதைவிட, ஜி.பி. நிலையத்தில் பிரதிநிதி அனுமதி கேட்பது முறையானது. பெற்றோரின் ஒப்புதலோடு, மருந்து கேட்பதற்கு மட்டும், அல்லது பதிவுகளைப் பார்ப்பதற்கும் சேர்த்து, வேண்டிய அளவுக்கு அனுமதி தருவார்கள்.

6. கவுண்டரிலேயே பையைத் திறந்து பாருங்கள்

கட்டிக் கொடுத்த பையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவது நம்மவரின் மரியாதைப் பழக்கம். இங்கே அது நட்டம். பார்மசியை விட்டு வெளியேறிய மருந்தை, பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாலும், வேறொருவருக்குக் கொடுக்க முடியாது, அழித்துவிடுவார்கள். எந்த வெப்பத்தில் எப்படி வைக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாதல்லவா.

பெயரும் பிறந்த தேதியும் உங்களுடையவையா என்று முதலில் பாருங்கள். ஒரே குடும்பப் பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ள தந்தையும் மகனும் ஒரே முகவரியில் இருக்கும் வீடுகளில் பை மாறுவது அரிதல்ல. பிறகு மருந்துகளின் எண்ணிக்கையை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மில்லிகிராம் அளவு மாறியிருந்தால், வைத்தியர் மாற்றினாரா என்று கேளுங்கள். ஒரு மருந்தின் இருப்பு போதாவிட்டால் பாதியைத் தந்து மீதிக்கு ஒரு சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி, எந்த நாளில் வரலாம் என்பதையும் அதன் மேலேயே எழுதி வாங்குங்கள். எடுக்கப்படாத சீட்டு, அதன் தேதியிலிருந்து 6 மாதம் செல்லும். மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு 28 நாட்கள்தான்.

மருந்தே சந்தையில் இல்லையென்றால், மருந்தாளுநர் தம் விருப்பப்படி வேறொன்றைத் தர முடியாது. அரசு அறிவித்த தட்டுப்பாட்டு நெறிமுறை ஒன்று அந்த மருந்துக்கு இருந்தால் மட்டுமே சீட்டை மாற்றாமல் மாற்று வழங்கலாம். மற்றபடி, "இதற்குப் பதிலாக எது கையிருப்பில் இருக்கிறது?" என்று மருந்தாளுநரிடம் எழுதி வாங்கி, அதை ஜி.பி. நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். வெறுமனே "மருந்து இல்லையாம்" என்று போனால், அவர்களும் இல்லாத இன்னொரு மருந்தையே எழுதித் தரக்கூடும்.

7. மறுபரிசீலனைத் தேதியைத் தவறவிடாதீர்கள்

தொடர் மருந்துக்கு வைத்தியர் தரும் அனுமதி முடிவில்லாதது அல்ல. இத்தனை முறை வரை, அல்லது இந்தத் தேதி வரை என்று வெள்ளைத் தாளிலேயே இருக்கும். அது முடிந்ததும் வேண்டுகோள் நிற்கும். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியும் சிறுநீரகச் செயல்பாடும், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மருந்துகளுக்குச் சிறுநீரகமும் பொட்டாசியமும், லெவோதைராக்ஸினுக்குத் தைராய்டு அளவும் பார்க்காமல் தொடர்ந்து எழுதுவது பாதுகாப்பல்ல. இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லும் குறுஞ்செய்தியைத் தட்டிக்கழித்தவர்களுக்கே மருந்து திடீரென்று நின்றுபோகிறது. தேதிக்கு ஒரு மாதம் முன்னதாக நீங்களே பரிசோதனைக்கு நாள் கேளுங்கள்.

இந்தச் சந்திப்பு ஜி.பி. நிலையத்திலேயே பணிபுரியும் மருந்தாளுநரோடு நடக்கலாம். வைத்தியரைத் தராமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் மனம் வாடுகிறார்கள். பல மருந்து எடுப்பவருக்கு இவரே பொருத்தமானவர்: ஒவ்வொரு மருந்தும் இன்னும் தேவையா என்று உட்கார்ந்து பார்க்க இவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, பலருக்கு அளவை மாற்றும் அதிகாரமும் உண்டு.

8. பார்மசி மருந்தாளுநரிடம் கேட்பது எப்படி

கவுண்டரில் நிற்பவர் பெரும்பாலும் விற்பனை உதவியாளர். மருந்தாளுநர் உள்ளே இருப்பார்; அன்றைய பொறுப்பு மருந்தாளுநரின் பெயரையும் பதிவு எண்ணையும் காட்டும் பலகை சட்டப்படி தொங்க வேண்டும். "மருந்தாளுநரோடு தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். தனி அறை உண்டு, முன்பதிவு வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. தமிழர் கூடும் பார்மசியில் பின்னால் ஊர்க்காரர் ஒருவர் நிற்கிறார் என்பதற்காகவே மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொல்லையையும் சொல்லாமல் திரும்பும் பெரியவர்கள் பலர். அந்த அறை இருப்பதே இதற்காகத்தான். திங்கள் காலையையும், ஜி.பி. நிலையம் மூடும் மாலை நேரத்தையும் தவிர்த்தால் நிதானமாகப் பேசுவார்.

போகும்போது பட்டியலையும், ஊரிலிருந்து வந்தவை உட்பட எடுக்கும் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் மெட்ஃபார்மினையும் கிளிமிபிரைடையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கிறார்கள். அதை ஊரிலிருந்து வரவழைத்து எடுத்துக்கொண்டே இங்கே கொடுத்த மெட்ஃபார்மினையும் எடுப்பவருக்கு அளவு இரட்டிப்பாகிறது, அவருக்கோ அது தெரியாது. பாரசிட்டமாலும் அப்படியே: கோ-கோடமால் என்ற வலி மாத்திரையிலும், பல சளிமருந்துப் பொடிகளிலும் அது உள்ளே இருக்கிறது. வயது வந்த ஒருவர் 24 மணி நேரத்தில் எடுக்கக்கூடியது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுத்தான். எல்லா வழியிலும் வருவதைச் சேர்த்தே அந்தக் கணக்கு. மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். ஐபுப்ரோஃபென், அழுத்த மாத்திரையோடும் நீர்போக்கும் மாத்திரையோடும் சேரும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பதால் எதுவும் உங்களுக்குப் பாதுகாப்பானதாகிவிடாது.

சித்த, ஆயுர்வேதத் தயாரிப்புகளை மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில் மறைக்கிறார்கள், திட்டமாட்டார்கள். இறக்குமதியான சிலவற்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இருப்பதாக இங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. வெந்தயப் பொடியையும் பாகற்காய்ச் சாற்றையும் மருந்தாக அன்றாடம் எடுத்தால் அதையும் சொல்லுங்கள், சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தலாம்.

கந்த சஷ்டி போன்ற நீண்ட விரதம் பிடிப்பவர்கள், தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே கேட்க வேண்டும். கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உண்ணாதிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது. எப்படி மாற்றுவது என்பதை மருந்தாளுநர் வைத்தியரோடு பேசி ஏற்பாடு செய்யலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு நாட்களில் மெட்ஃபார்மின், ராமிப்ரில் போன்றவற்றைச் சில நாள் நிறுத்த வேண்டியிருக்கலாம். உங்கள் பட்டியலில் எவை அப்படிப்பட்டவை என்று இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

லெவோதைராக்ஸின் எடுப்பவர்களிடம் தேநீரைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டியிருக்கிறது. எழுந்ததும் பால் தேநீரோடு மாத்திரையை விழுங்குவது நம் வீடுகளில் சாதாரணம். அப்படி எடுத்தால் மருந்து சரியாக உடலில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரும் காலை உணவும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அளவு போதவில்லையென்று மருந்தைக் கூட்டும் முன் சரிசெய்ய வேண்டியது இந்தப் பழக்கம்.

பார்மசியில் பெயரிட்டுக் கேட்க வேண்டிய சேவைகளும் உண்டு. இரத்த அழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு, ஆஸ்துமா போன்றவற்றுக்குப் புதிய மருந்து தொடங்கினால், புதிய மருந்துச் சேவையில் சேர்க்கும்படி கேளுங்கள்; ஒன்றிரண்டு வாரத்தில் ஒருமுறையும் அதன் பின் இன்னொரு முறையும் மருந்தாளுநரே உங்களைத் தொடர்புகொண்டு, ஒத்துக்கொள்கிறதா என்று விசாரிப்பார். 40 வயது கடந்து, அழுத்தம் இருப்பதாக இதுவரை அறியப்படாதவர்களுக்குப் பல பார்மசிகளில் இலவசமாக அளந்து பார்ப்பார்கள். 2024 ஜனவரி 31 முதல், தொண்டைவலி, சைனஸ், குழந்தைகளின் காதுவலி, பூச்சிக்கடித் தொற்று, இம்பெட்டிகோ எனும் தோல் தொற்று, அக்கி (ஷிங்கிள்ஸ்), 16 முதல் 64 வயதுப் பெண்களின் சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும் வைத்தியரைப் பார்க்காமலே பார்மசியில் பரிசோதித்து, தேவையானால் நுண்ணுயிர்க்கொல்லியும் தருகிறார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீர்த் தொற்று இதில் அடங்காது. அவர்கள் வைத்தியரிடமே செல்ல வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல் போன்றவற்றுக்குப் பார்மசிக்கு நடக்காமல் 999ஐ அழையுங்கள்.

9. மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரம்

மருந்துத் தவறுகள் மிகுதியாக நேரும் வாரம் இதுதான். மருத்துவமனை சில மருந்தை நிறுத்தும், சிலவற்றைச் சேர்க்கும், கையில் சில நாளைக்கான மருந்தைத் தந்து அனுப்பும். வீட்டு அலமாரியில் பழையது அப்படியே இருக்கும். ராமிப்ரிலால் இருமல் வந்ததால் லோசார்டான் என்ற வேறோர் இரத்த அழுத்த மருந்துக்கு மாற்றப்பட்டவர், இரண்டையும் சேர்த்து எடுத்துத் தலைசுற்றி விழுவது இப்படித்தான்.

வெளியேறும் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வீடு வந்த அன்றே நிறுத்தப்பட்ட மருந்துகளைத் தனிப் பையில் கட்டி ஒதுக்குங்கள். கடிதத்தை ஜி.பி. நிலையத்துக்கு அனுப்பியிருப்பார்கள் என்றாலும், தொடர் பட்டியல் மாறிவிட்டதா என்று செயலியில் பாருங்கள். பார்மசிக்கும் நகலைக் காட்டுங்கள்; மருத்துவமனை நேரடியாகப் பார்மசிக்கு விவரம் அனுப்பும் சேவையும் இருக்கிறது, வெளியேறும் முன் வார்டில் அதைக் கேட்கலாம்.

10. மருந்து தீர்ந்தேவிட்டால்

நேரே உங்கள் பார்மசிக்குப் போங்கள். முன்பு உங்களுக்கு எழுதப்பட்ட மருந்து என்பதும் உடனடியாகத் தேவை என்பதும் உறுதியானால், மருந்தாளுநர் சீட்டில்லாமலே அவசரமாகச் சில நாள் மருந்தைத் தரலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய தீர்ப்பு, கட்டணமும் கேட்கலாம். பழைய பெட்டியையோ வெள்ளைத் தாளையோ கொண்டுபோனால் வேலை எளிதாகும். பார்மசி மூடியிருந்தால் என்.எச்.எஸ்.இன் உதவிச் சேவையான 111இன் இணையதளத்திலோ தொலைபேசியிலோ அவசர மருந்தைக் கேளுங்கள். திறந்திருக்கும் பார்மசிக்கு அனுப்பிவைப்பார்கள். தொலைபேசியில் "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மார்ஃபின் போன்றவற்றை இந்த வழியில் பெற முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை ஒரே பெயராக இருந்தாலும் மில்லிகிராம் வேறாக இருக்கும், வாங்காதீர்கள்.

11. ஊருக்குப் போகும் முன்

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஜி.பி. நிலையத்தில் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருப்பவருக்கு என்.எச்.எஸ். மருந்து தரும் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அதற்குக் குறைந்த பயணத்துக்கும் எத்தனை நாளைக்குத் தருவது என்பதை நிலையமே தீர்மானிக்கும். மருந்துகளை அவற்றின் சொந்தப் பெட்டியில், பார்மசி ஒட்டிய சீட்டோடு, வெள்ளைத் தாளின் நகலும் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, அங்கே உறைந்துபோகலாம். நேர வித்தியாசத்துக்கு ஏற்ப எந்த நேரத்தில் எடுப்பது என்பதை மருந்தாளுநரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் அலமாரியைப் பாருங்கள். காலாவதியானவற்றையும் நிறுத்தப்பட்டவற்றையும் கழிப்பறையிலோ குப்பையிலோ போடாமல் பார்மசியில் கொடுத்தால் இலவசமாக அழித்துவிடுவார்கள். ஊசிகளை இவற்றோடு கலக்காமல் மஞ்சள் நிறப் பெட்டியில் தனியாக வையுங்கள். அந்தப் பெட்டியை எங்கே கொடுப்பது என்பது உள்ளூராட்சிக்கு உள்ளூராட்சி மாறுவதால், முதல் பெட்டியை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.